கதவு தள்ளும் காட்சி

கண்ணைச் சிமிட்டக் கூடாதாம், வாயை மூடக் கூடாதாம், கை இரண்டையும் வேறு யாருடைய கையோ மாதிரி தொங்கவிட வேண்டுமாம்... எல்லாம் சரி, மூக்கோரம் ஊறுகிறதே, அதைச் சொறியலாமா கூடாதா, அதை யாரும் சொல்லவில்லை, அஞ்சம்மாள் விரலை மூக்குவரைக்கும் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டாள், தொட்டால் பிய்ந்துவிடும், விடியும்போதே உட்காரவைத்துப் பஞ்சும் பசையுமாக ஒட்டின கன்னம், இடது பக்கம் சதை கிழிந்து பல் தெரிகிற மாதிரி, காய்ந்து காய்ந்து இப்போது உள்ளே இருக்கிற சொந்தத் தோலையும் சேர்த்து இழுக்கிறது. தலைமுடியில் களிமண்ணும் எண்ணெயும். புடவையை பிளேடு வைத்து அவர்களே கிழித்துக் கொடுத்தார்கள், நல்ல புடவை, இதைக் கிழிப்பதற்குப் பதிலாகக் கொடுத்திருந்தால் இரண்டு வருஷம் கட்டலாம். கழுத்தில் ஊற்றின சிவப்புச் சாயம் சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கிறது, ஈ மொய்க்கிறது, ஈயை ஓட்டலாமா... பொணம் ஈயை ஓட்டுமா? ஓட்டாது. அப்போ உட்கார்ந்திரு. மூடிப்போன ரைஸ்மில்லின் களத்தில், சுவரோரம் கிடந்த இரண்டு முழ நிழலில், அவளைப் போலவே சதை கிழிந்த இருபது பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், மணி பதினொன்று ஆகியிருக்கும், சித்திரை வெயில் சிமெண்ட்டுக் களத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, நெடுஞ்சாலை பக்கத்தில்தான், பஸ் போகிற சத்தமெல்லாம் கேட்டது, ஒவ்வொரு பஸ்ஸும் திண்டிவனத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு தடவை ஹாரன் அடித்தது. திண்டிவனம் என்று நடராசன் முன்கூட்டியே சொல்லியிருந்தால் வந்திருப்பாளா?

நடராசன் சொல்லவில்லை. ஷூட்டிங்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன், விழுப்புரத்தில் கல்யாணத்துக்கு ஆள் அனுப்புவான், மாநாட்டுக்கு ஆள் அனுப்புவான், இப்போது இதற்கும், திருவாமாத்தூரில் அவர்கள் தெருவுக்கு பைக்கில் வந்து நின்று, 'டிவி நாடகம், ஒரே நாள், டயலாக்லாம் கிடையாது, பொணமா நடக்கணும்' என்றான். பொணம் எப்படிடா நடக்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள். 'அதான் ஜாம்பி. செத்துப் போயிட்டு எழுந்து நடக்கும். ஒரு நோவு வருது, கடிச்சா பரவுது, உலகமே காலி. உங்க வீட்டுப் புள்ளைங்கள கேளுங்க, செல்லுல அதத்தான் பாத்துக்கினு கெடக்குதுங்க.' மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற வேலை முடிந்து பத்து நாளாகியிருந்தது, நூறு நாள் வேலையும் இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், சரி வர்றேன் என்று சொல்லிவிட்டாள். இருட்டோடு வேன் வந்தது. விழுப்புரம் தாண்டியது, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியது, அப்போதுதான் நடராசா எங்க போறோம் என்று கேட்டாள், திண்டிவனம்மா என்றான், கூட்டேரிப்பட்டு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள், மூடினாலும் தெரிந்தது, அந்தப் பாலத்துக்கடியில் வேன் போகிறபோது காற்று மாறுகிறது... நாலு வருஷமாக இந்த ரோட்டில் அவள் வந்ததில்லை. மெட்ராஸ் போகவேண்டியிருந்தால்கூட ரயில்தான், அதிலும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

'அக்கா, நீங்கதான், எழுந்து வாங்க.' அஸ்வினி என்கிற பெண், அசிஸ்டெண்ட் டைரக்டராம், மெட்ராஸ்காரி, பேண்ட்டும் தொப்பியும் கழுத்தில் வாக்கிடாக்கியும், காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது பாவம். காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள்: உங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்ல, சரியா, உங்க பேரு தெரியாது, ஊரு தெரியாது, பெத்த புள்ள எதிர்ல வந்தாலும் தெரியாது, பசி மட்டும்தான், பசிக்கு எந்தப் பக்கம் சத்தம் கேக்குதோ அந்தப் பக்கம் போவீங்க. ஞாபகம் இல்லாமல் எப்படி நடப்பது? அஞ்சம்மாளுக்கு அது விளங்கவில்லை, ஞாபகம் இல்லையென்றால் காலுக்கு வழி எப்படித் தெரியும், கால்தானே எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு கிடக்கிறது. மற்றவர்கள் நாக்கைத் தொங்கவிட்டார்கள், கழுத்தைத் திருகினார்கள், ஒருத்தி சாமியாடுகிற மாதிரி ஆடினாள், அஸ்வினி தலையில் கை வைத்துக்கொண்டாள். அஞ்சம்மாள் சும்மா நடந்தாள். வலது காலை எடுத்து வைத்து, இடது காலை அதன் பின்னாலேயே இழுத்து, தோள் ஒரு பக்கம் சரிந்து, யாரோ அந்தத் தோளில் தொங்குகிற மாதிரி, பார்வை ரோட்டில் நாலடிக்கு முன்னால். அவ்வளவுதான். டைரக்டர் என்று சொல்லப்பட்டவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். 'இவங்கள முன்னாடி வை. இவங்க நடக்கறது... எப்டிம்மா இது, எங்க கத்துக்கினீங்க?' எங்கே கற்றுக்கொண்டாள், இதே ரோட்டில்தான், இதே சித்திரை கழிந்து வைகாசி பிறக்கிற நேரத்தில்தான், என்று சொல்லவா முடியும், வெயில்ல நடந்தா அப்டித்தான் சார் வரும் என்றாள்.

கோயம்பேட்டு மார்க்கெட்டில் வீட்டுக்காரர் மூட்டை தூக்கினார், இவள் வெங்காயம் தரம் பிரித்தாள். பதினெட்டு வருஷம். விருத்தாசலம் என்று மார்க்கெட்டில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார், மாமே என்று கூப்பிட்டால்தான் திரும்புவார், அத்தனை கடைக்கும் மாமாதான். கொரோனா வந்து எல்லாம் அடைத்தபோதும் மார்க்கெட் மட்டும் நடந்துகொண்டிருந்தது, அப்புறம் ஒருநாள் அதையும் இழுத்து மூடிவிட்டார்கள், அங்கிருந்துதான் பரவுகிறது என்று டிவியில் சொன்னார்கள், அன்றைக்கே கோயம்பேட்டு ஆள் என்றால் ஊரில் குஷ்டரோகி மாதிரி. காலிப் பெட்டி ஏற்றின லாரியில், தார்ப்பாய்க்கு அடியில் ஒன்பது பேர். அச்சிறுபாக்கம் தாண்டும்போது அவர் உடம்பு இவள் தொடையில் சுட்டது. வெயில் சூடா, ஜுரமா? தார்ப்பாய்க்குள் எல்லோர் உடம்பும்தான் சுட்டது, அவர் இருமினாரா, இல்லை, ஒரு தடவை இருமினார், அது பெட்டித் தூசி... திண்டிவனம் பாலத்துக்கிட்டே டிரைவர் இறக்கிவிட்டுவிட்டான், இதுக்கு மேல போலீஸ் நிக்கிறான் பெரிம்மா, என்னையும் புடிச்சி உள்ள போட்ருவான், எறங்கிக்கங்க. இறங்கினபோது மத்தியானம். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. அவர்தான் சொன்னார், 'பேஜாரா கீதுடி, உன் தங்கச்சி ஊட்ல ஒரு அரை மணி நேரம் படுத்துட்டுப் போலாம்.' சொல்லும்போது சிரித்தார். மச்சினிச்சி வீட்டுக்குப் போகிற சிரிப்பு, ஜுரத்திலும்.

பிரேக் விட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு பந்தல், பொணங்களுக்கு ஒரு பந்தல். உயிரோடு இருக்கிறவர்கள் என்றால் கதையில் மில்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறவர்கள், அவர்களுக்கு மேக்கப் இல்லை, முகத்தில் கொஞ்சம் கரி மட்டும், அதனால் ஒழுங்காக இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பொணங்கள் வாயை அகலத் திறந்தால் கன்னம் விட்டுவிடும் என்பதால் சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. அஸ்வினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், கதை சொன்னாள், அவளுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போல. 'இது ஏழாவது எபிசோடுக்கா. உள்ள ஒரு பொண்ணு இருக்கா, அவ அப்பா வெளிய மாட்டிக்கறாரு. கதவத் தட்டறாரு. அவரைக் கடிச்சிடுச்சா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. பொண்ணு தெறங்கன்றா, மத்தவங்க தெறக்க விட மாட்டேன்றாங்க.' அஞ்சம்மாளின் கையில் உருண்டை அப்படியே நின்றது. 'கடைசில தெறக்கறாங்களா?' 'அது எங்களுக்கே இன்னும் தெரியாதுக்கா, எழுதிட்டிருக்காங்க.' 'அந்தாளு... கடிபட்டவர்தானா?' 'அதுவும்தான்க்கா தெரியாது,' என்று அஸ்வினி சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். தெரியாமலே ஒரு கதையை எடுக்கிறார்களே, இத்தனை வண்டி, இத்தனை ஆள், இத்தனை வெயில்... என்று நினைத்துக்கொண்டே எதிர்ப்பந்தலைப் பார்த்தாள், அங்கே ஒருத்தி சாப்பிட்டுவிட்டு எழுந்தாள், எழுந்த மாதிரியே புடவைக் கொசுவத்தை இடது கையால் ஒரு உதறு உதறினாள். ஒரே ஒரு உதறு. அப்படி உதறுகிறவள் உலகத்தில் ஒருத்திதான், பாவாடை கட்டின காலத்திலிருந்து அப்படித்தான் உதறுவாள், அம்மா எத்தனை தடவை திட்டியிருப்பாள், தூசு பறக்குதுடி காந்தீ என்று.

காந்திமதி. இளைத்துப் போயிருந்தாள், முன்னெற்றியில் அவ்வளவு நரை எப்போது வந்தது, இவளைவிட ஏழு வயசு சின்னவள், இப்போது பார்த்தால் அவள்தான் மூத்தவள் மாதிரி இருக்கிறாள். இன்னொருத்தியோடு பேசிக்கொண்டே பொணங்கள் பந்தலைத் தாண்டிக் கை கழுவப் போனாள், அஞ்சம்மாளுக்கு நேராக, மூன்றடி தூரத்தில், நேராக முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டதா? 'ஐயோ, கொமட்டிக்கினு வருதுடி, இன்னாமா ஒட்டி வெச்சிருக்கானுங்க பாரு அந்தப் பொம்பளைக்கு, பல்லு தெரியுது,' என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பொம்பளை. குரலும் இளைத்துத்தான் போயிருக்கிறது. பெத்த பிள்ளை எதிரில் வந்தாலும் தெரியாது என்றாளே அஸ்வினி, அது பொணத்துக்குத்தானே, உயிரோடு இருக்கிறவளுக்கும் தெரியவில்லையே. நல்லதுதான். தெரிய வேண்டாம். வேனில் ஏறி ஊருக்குப் போய்விடலாம், நடராசா எனக்குத் தலை சுத்துது என்றால் விட்டுவிடுவானா, விட மாட்டான், முன்வரிசையில் வைத்துப் படம் பிடித்தாயிற்று, திடீரென்று ஒரு பொணம் குறைந்தால் கணக்கு இடிக்கும் என்பார்கள்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நாலாவது வீடு. போய் நின்றபோது கதவு சாத்தியிருந்தது. காந்தீ என்று கூப்பிட்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஜன்னல் அரை ஜாண் திறந்தது, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு காந்திமதியின் கண் மட்டும். 'யக்கா, கோயம்பேட்லேந்தா வர்றீங்க?' ஆமாண்டி, மாமாவுக்குக் கொஞ்சம் முடியல, கதவத் தெற. 'யக்கா, உள்ள எம் மவளோட பச்சப்புள்ள கீதுக்கா. பொறந்து பன்னெண்டு நாளுதான் ஆவுது. கோச்சிக்காத. போயிடுக்கா.' ஜன்னல் மூடிக்கொண்டது. அப்புறம் இவள் செய்ததுதான்... இரண்டு கையாலும் கதவை அடித்தாள், உள்ளங்கையால், முஷ்டியால், செருப்புக் காலால், உன்னைச் சைக்கிள்ல வெச்சி ஸ்கூலுக்கு ஓட்டினு போன மனுஷண்டி, உன் கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் ராத்திரி பகலா மூட்டை தூக்கின மனுஷண்டி, கதவத் தெறடி என்று சந்தே கேட்கிற மாதிரி. எதிர்வீடு, பக்கத்து வீடு, எல்லா ஜன்னலும் திறந்து மூடின. இந்த ஒரு கதவு மட்டும் அசையவில்லை. அவர் படியில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்திருந்தார், கண்ணைத் திறக்காமலே சொன்னார், 'உடு அஞ்சு. புள்ள தூங்கும்.' பிறகு எழுந்து நடந்தார்கள். வலது காலை எடுத்து வைத்து, இடது காலை இழுத்து. அவர் கை இவள் தோளில். கூட்டேரிப்பட்டுப் பாலத்துக்கடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, போலீஸ்காரர் ஒருத்தர் எட்டி நின்றே போன் பண்ணினார், ஆம்புலன்ஸ் வந்தது, அவரை ஒரு வண்டியில் ஏற்றினார்கள், இவளை வேறு வண்டியில், ஒரு காலேஜ் கட்டிடத்தில் பதினாலு நாள் வைத்தார்கள், ஆறாம் நாள் போனில் சொன்னார்கள். போனில். முகத்தைப் பார்க்கவில்லை, எங்கே புதைத்தார்கள் என்று பிற்பாடு யாரோ கை காட்டினார்கள், அங்கே நிறைய மேடு இருந்தது. அவருக்கு அந்த நோவுதானா, வெயிலா, நெஞ்சா... எழுதின சீட்டு எதுவும் இவள் கைக்கு வரவில்லை. இவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு இல்லையென்றால் அவருக்கு மட்டும் எப்படி? தெரியாது.

அடுத்த தை மாசம் காந்திமதி வந்தாள். திருவாமாத்தூர் வீட்டு வாசலில் நின்றாள், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. அஞ்சம்மாள் கேப்பை மாவு பிசைந்துகொண்டிருந்தாள், குரல் கேட்டதும் மாவுக் கையோடே எழுந்து தாழ்ப்பாளைப் போட்டாள். தட்டவில்லை அவள், இரண்டு தடவை யக்கா யக்கா என்றாள், அவ்வளவுதான், ரொம்ப நேரம் நின்றாள், எவ்வளவு நேரம் என்றால் மாவு கையில் காய்ந்து வெடிக்கிறவரைக்கும், குழந்தை அழுதது, அப்புறம் செருப்புச் சத்தம் தெருக்கோடிவரை போனது. இதை யாரிடமும் சொன்னதில்லை. காந்திமதி கதவை மூடினாள் என்பதை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள், வயலில் சொல்லியிருக்கிறாள், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லியிருக்கிறாள், இதை மட்டும் சொன்னதில்லை.

'ரோலிங்... ஆக்‌ஷன்!' இருபது பேரும் மில்லின் பெரிய மரக்கதவில் போய் விழுந்தார்கள். முன்னால் அப்பாவாக நடிக்கிறவர், வெள்ளைச் சட்டை, 'தெறம்மா, நான்தாம்மா, எனக்கு ஒண்ணும் ஆவலம்மா' என்று அடித்துக்கொண்டு கதறினார், நல்ல நடிகர், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பின்னால் பொணங்கள். அஞ்சம்மாள் கையைக் கதவில் வைத்தாள். அடிக்கணும்க்கா, நல்லா அடிங்க என்று பின்னாலிருந்து அஸ்வினி. அடித்தாள். கதவிடுக்கில் இருட்டு, உள்ளே யாரோ மூச்சு வாங்குகிற சத்தம், அதில் எது அவளுடைய மூச்சு... கை மரத்துப்போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், கை எதையும் மறக்கவில்லை, உள்ளங்கை, முஷ்டி, அதே வரிசையில், நாலு வருஷமாக உள்ளேயே அடித்துக்கொண்டிருந்த மாதிரி, பக்கத்துப் பொணம் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தது. கட் என்றார்கள், இன்னொரு தடவை என்றார்கள், இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கதவு திறந்தேவிட்டது, உள்ளே பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சரிந்தார்கள், அப்பா நடிகர் குப்புற விழுந்தார், எல்லோரும் சிரித்தார்கள், டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டால் கதவு அதிராது, அதிர வேண்டும், ஆனால் திறக்கக் கூடாது, உள்ளே பலம் போதவில்லை. கேமரா வெளியேதானே இருக்கிறது, இனி அப்பா முகத்தைத்தான் கிட்டே எடுக்கப் போகிறார்கள், உள்ளே யார் நின்றாலும் தெரியாது... அஸ்வினி வரிசையைப் பார்த்து விரலை நீட்டினாள். 'நீங்க, நீங்க, அக்கா நீங்களும். உள்ள போய் அவங்களோட சேந்து கதவப் புடிங்க. ஜல்தி ஜல்தி, வெளிச்சம் போவுது.' நான் வேணாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், கன்னம் இழுத்தது, அதற்குள் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டார்கள், கதவு மூடிக்கொண்டது.

இருட்டு. பழைய தவிட்டு வாசனை. கண் பழகுவதற்குள் தோள் ஒரு தோளில் இடித்தது. 'ஐயோ!' என்று அந்தத் தோள் பதறி, பிறகு சிரித்தது, 'பொணத்தையே உள்ள அனுப்பிட்டானுங்க.' காந்திமதி. வேர்வை வாசனை, அதற்கடியில் அவள் வாசனை, ஒரே பாயில் படுத்த காலத்து வாசனை, மனுஷ வாசனை மாறவே மாறாதா? அஞ்சம்மாள் பேசவில்லை, பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கதவில் தோளைக் கொடுத்து, காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். வெளியே ஆக்‌ஷன் என்ற சத்தம். அடி விழுந்தது. அம்மாடி... இவ்வளவா? வெளியே நின்று அடிக்கும்போது கதவு மரம், கல், எவ்வளவு அடித்தாலும் போதாது, உள்ளே கேட்டிருக்குமோ கேட்டிருக்காதோ என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள், கேட்கவே கேட்காத மாதிரிதானே காந்திமதி இருந்துவிட்டாள் என்று. உள்ளே அது வேறு. ஒவ்வொரு அடியும் தோளில் ஏறி, தாடையில் ஏறி, பல்லில் வந்து நிற்கிறது, கூரையே பெயர்ந்து தலையில் விழப்போகிற மாதிரி, இது ஒரு பெரிய மில், அதுவோ ஓட்டு வீடு, ஒற்றைப் பலகைக் கதவு, உள்ளே வாய்க்காலில் விழுந்த குருவி மாதிரி பன்னிரண்டு நாள் குழந்தை... தெறம்மா நான்தாம்மா என்று வெளியே குரல் உடைந்தது. நடிக்கிறார் என்று தெரியும், சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு காரில் போய்விடுவார் என்று தெரியும், தெரிந்தும் உடம்பு கதவைத் தள்ளியது, யாரென்று கேட்கவில்லை, கடிபட்டவனா படாதவனா என்று கேட்கவில்லை, உள்ளே வர விடாதே, விடாதே, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. பக்கத்துத் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா? இல்லை. காந்திமதி நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காத அழுகையை அழுதுகொண்டிருந்தாள், 'போயிடு, போயிடு, போயிடு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கேமரா இல்லாத இருட்டில், கதவு ஒரு அங்குலம் உள்ளே வந்தது, 'யக்கா, உடாதக்கா, புடி!' என்று கத்தினாள். அஞ்சம்மாள் பிடித்தாள். இருக்கிற பலம் அத்தனையும் கொடுத்துப் பிடித்தாள்.

டேக் ஓகே ஆகிவிட்டது. கை தட்டினார்கள். வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது, நடராசன், 'ஜல்தி மூஞ்சக் கழுவிக்கினு வாங்க, வண்டி கெளம்புது' என்று அவசரப்படுத்தினான். அந்த யக்கா யாருக்கு? திண்டிவனத்தில் முன்பின் தெரியாதவளையும் யக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், பஸ்ஸில் இடம் கேட்பவள், ரேஷன் கடையில் முன்னால் நிற்பவள், எல்லோரும் யக்காதான். பொணத்துக்கும் யக்காதான். ஆனால் அதை அவள் இழுத்த மாதிரி... இழுத்தாளா, பயத்தில் எல்லோரும்தான் இழுப்பார்கள். களத்து ஓரத்தில் தொட்டி, மோட்டார் ஓடவில்லை, யாரோ தேங்காய் எண்ணெயும் பஞ்சும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மேக்கப் இல்லாத பெண்கள் நாலு பேர் குவளையால் மொண்டு ஊற்ற, பொணங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து முகம் கழுவிப் பெண்களாகிப் போய்க்கொண்டிருந்தன. அஞ்சம்மாள் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றாள், எந்தக் குவளை என்று பார்த்தாள், காந்திமதியின் குவளைதான், வேறு வரிசைக்கு மாறலாம், மாறவில்லை, கால் நகரவில்லை, அது சோர்வுதான் என்று சொல்லிக்கொண்டாள். முறை வந்தது. குனிந்தாள். இரண்டு கையையும் ஏந்தினாள், தண்ணீர் விழுந்தது, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள், சாம்பல் கரைந்து ஓடியது, சிவப்பு ஓடியது, ஒட்டின கன்னம் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து காலடியில் விழுந்தது, அடியில் சொந்தக் கன்னம் எரிந்தது. 'இன்னும் கொஞ்சம் ஊத்து,' என்றாள்.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது. தண்ணீர் நின்றது. குவளை தொட்டியில் மொள்ளப் போயிருக்கிறதா, அந்தரத்தில் நிற்கிறதா, குனிந்திருந்தவளுக்குத் தெரியவில்லை, எதிரில் இருந்த இரண்டு கால்களைத்தான் பார்த்தாள், ஈரமான புடவை ஓரம், வெடித்த குதிகால். நடராசன் ஹாரனை அழுத்தச் சொன்னான், வேன் இரண்டு தடவை கத்தியது. முகம் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது, நிமிர்ந்தால் போதும். தண்ணீர் மறுபடி விழுந்தது, முன்னைவிட மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, தீர்ந்துவிடக் கூடாது என்கிற மாதிரி. அஞ்சம்மாள் ஏற்கனவே கழுவின முகத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள்.